திருமண மேடைக்கு நிறமும் துணியும் தேர்ந்தெடுப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மண்டபத்தை முன்பதிவு செய்த கையோடு பெரும்பாலான குடும்பங்கள் அலங்காரக்காரர் காட்டும் ஆல்பத்தைப் புரட்டத் தொடங்கிவிடுகின்றன. பிடித்த படம் ஒன்றைக் காட்டி, “இதே மாதிரி வேண்டும்” என்று சொல்லி முன்பணமும் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் படத்தில் இருக்கும் மேடை வேறொரு மண்டபத்தில், வேறொரு வெளிச்சத்தில், வேறொரு நிறப் புடவை உடுத்திய மணப்பெண்ணுக்காக அமைக்கப்பட்டது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. மேடைத் துணி என்பது மணமக்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஒன்று. ஆகவே முகூர்த்தப் புடவை, மண்டபம், வெளிச்சம் ஆகிய மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் துணியின் நிறத்தையும் வேலைப்பாட்டையும் முடிவு செய்ய வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது. தமிழ்நாட்டு மண்டபங்களில் நடக்கும் இந்துத் திருமணத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன் என்றாலும், நிறம், தூரம், அளவு பற்றிய பகுதிகள் எந்தத் திருமணத்துக்கும் பொருந்தும்.

முதற்படி: புடவையையும் வேட்டியையும் முன்னால் வையுங்கள்

முகூர்த்தப் புடவை எடுக்கும் முன்பே மேடையின் நிறத்தை உறுதி செய்யாதீர்கள். முகூர்த்தத்துக்கு அரக்கு, மாம்பழ மஞ்சள், மிளகாய்ப்பழச் சிவப்பு, இலைப் பச்சை போன்ற நிறங்களே இன்றும் அதிகம் எடுக்கப்படுகின்றன. சில குடும்பங்களில் கூறைச் சேலையின் நிறம் வழக்கத்தாலேயே முடிவாகிவிடுகிறது. மணமகனின் பட்டு வேட்டியோ வெள்ளையாக அல்லது வெளிர் சந்தன நிறத்தில் இருக்கும். அப்படியானால் பின்திரைக்கு முன்னால் ஒரு அடர்ந்த நிறமும் ஒரு வெளிர் நிறமும் பக்கத்தில் பக்கத்தில் அமர்கின்றன. பின்திரையும் அரக்காக இருந்தால் மணப்பெண்ணின் முகமும் கைகளும் மட்டும் தனித்துத் தெரியும், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய புடவை திரையோடு கரைந்துவிடும். பின்திரை வெள்ளையாக இருந்தால் அதே கதி வேட்டிக்கு நேரும். இரண்டுக்கும் இடைப்பட்ட அடர்த்தி கொண்ட நிறங்களான வெந்தய நிறம், இலைப் பச்சை, மயில் கழுத்து நிறம், வெங்காயத் தோல் நிறம் போன்றவை இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. அவற்றின் முன்னால் கூந்தலின் கறுப்பும் அதில் வைத்த மல்லிகையின் வெள்ளையும் கூடத் தெளிவாகத் தெரியும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. புடவையின் ஒரு மடிப்பு, வேட்டியின் ஒரு மடிப்பு, நீங்கள் யோசிக்கும் திரைத் துணியின் மாதிரித் துண்டு ஆகிய மூன்றையும் ஒட்ட வைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு முற்றிலும் வேறானவையாகத் தெரிந்தாலும், அடர்த்தி ஒன்றாக இருந்தால் அந்தப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அத்தகைய துணி நேரில் ஓரளவு எடுபட்டாலும், தூரத்திலிருந்தும் மங்கிய வெளிச்சத்திலும் பார்க்கும்போது புடவையோடு கலந்துவிடும். மூன்றும் மூன்று தனித்தனிச் சாம்பல் நிறங்களாகத் தெரிந்தால் அந்தத் துணியை நம்பி அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: மண்டபத்தில் ஏற்கெனவே இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

நீங்கள் ஒரு கஜம் துணியும் வாங்குவதற்கு முன்பே மண்டபத்தில் பல நிறங்கள் குடியிருக்கின்றன. சுவரின் நிறம், மேடையின் நிரந்தரப் பின்சுவர், நாற்காலி உறைகள், நடைபாதையில் விரித்திருக்கும் சிவப்புக் கம்பளம், மேடையின் இருபுறமும் இருக்கும் மரத் தூண்கள் ஆகியவை அனைத்தும் படத்தில் விழும். இவற்றோடு வாழை மரத்தின் பச்சை, மாவிலைத் தோரணத்தின் பச்சை, குத்துவிளக்கின் பித்தளை மஞ்சள், செண்டுமல்லியின் ஆரஞ்சு ஆகியவை எந்தத் திருமணத்திலும் தாமாகவே வந்து சேரும். இவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், நாம் சேர்க்க வேண்டிய நிறங்கள் எவ்வளவு குறைவு என்பது விளங்கும். பச்சையும் மஞ்சளும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஒரு மேடைக்கு மறுபடியும் பச்சைத் துணி வாங்குவதானால், அது வாழை இலையின் பச்சையை விட நன்றாக அடர்ந்திருக்க வேண்டும் அல்லது நன்றாக வெளிறியிருக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டு பச்சைகள் பக்கத்தில் நின்றால், உயிருள்ள இலையின் முன்னால் துணிதான் அழுக்காகத் தோன்றும்.

மாற்ற முடியாத நிறம் ஏதேனும் இருந்து அது உங்கள் தேர்வோடு சண்டையிட்டால், அதை மூடுவதற்கான துணியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்காலி உறைகளை மாற்றும் செலவு பெரும்பாலும் நினைத்ததைவிட அதிகமாகவே வரும். முன் நான்கு வரிசைக்கு மட்டும் மாற்றினால் போதும், படங்களில் விழுவது அவைதான்.

மூன்றாம் படி: உடல், கரை, முந்தி

எத்தனை நிறம், எந்த அளவு என்ற கேள்விக்கு விடை நம் புடவையிலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிரான இன்னொரு நிறம், முந்தியில் வேலைப்பாடு முழுவதும் திரண்டிருக்கும். மேடையையும் அப்படியே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பின்திரையின் பரப்பு முழுவதும் உடல். அது ஒரே நிறத்தில், வெற்றுத் துணியாகவோ மிகச் சிறிய புட்டாக்கள் கொண்டதாகவோ இருக்கட்டும். தூண்கள், மேடையின் முன்விளிம்பு, விதானத்தின் ஓரம் ஆகியவை கரை. அங்கே இரண்டாவது நிறமும் கோடோ கோபுரமோ கொண்ட வேலைப்பாடும் வரலாம். மணமக்களின் தலைக்குப் பின்னால் வரும் ஒரு பகுதி மட்டுமே முந்தி. செறிந்த வடிவம் கொண்ட துணியை அங்கே மட்டும் வையுங்கள். வேலைப்பாட்டுத் துணியால் மேடை முழுவதையும் போர்த்துகிறவர்கள், முந்தியைக் கொண்டே புடவை முழுவதையும் நெய்யச் சொல்கிறார்கள். கண் எங்கும் நிற்காமல் அலைகிறது, மணமக்களிடம் வந்து சேர்வதே இல்லை.

முந்தி எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதைக் கட்டாயம் அளந்து முடிவு செய்யுங்கள். முகூர்த்தத்தில் மணமக்கள் மனையில் அமர்ந்திருப்பதால் அவர்களது தலை மேடைத் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று அடி உயரத்தில் இருக்கும். வரவேற்பில் அவர்கள் நிற்பதால் அதே தலை ஐந்து, ஐந்தரை அடிக்கு வந்துவிடும். ஆகவே வேலைப்பாட்டுத் துணி தரையிலிருந்து இரண்டடியில் தொடங்கி ஏழடி வரை இருந்தால் இரண்டு நிகழ்ச்சிக்கும் அதுவே பொருந்தும். தாலி கட்டும் நேரத்தில் உறவினர்கள் அட்சதையோடு சுற்றிலும் நெருங்கி நின்றுவிடுவதால், திரையின் கீழ் இரண்டடியில் வைக்கும் விலையுயர்ந்த துணியை யாரும் பார்க்கப்போவதில்லை.

பூ அலங்காரமும் இங்கே சேர்த்து யோசிக்கப்பட வேண்டும். மல்லிகைச் சரமும் செண்டுமல்லிச் சரமும் தொங்கும் இடத்துக்குப் பின்னால் வெற்றுத் துணியே இருக்க வேண்டும். மாங்காய் புட்டாக்களின் மேல் மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டால் மாங்காயும் தெரியாது, மல்லிகையும் தெரியாது. துணி முன்னிற்கும் இடத்தில் பூவை விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அந்த மண்டபத்து வெளிச்சத்தில் பாருங்கள்

ஜவுளிக் கடையின் வெளிச்சம் துணியை விற்பதற்காக அமைக்கப்பட்டது. அங்கே தகதகக்கும் அரக்கு, 6,500 கெல்வின் அளவுள்ள வெண்ணிற எல்இடி குழல்விளக்கின் கீழே பழுப்பேறிய, உயிரில்லாத நிறமாக மாறிவிடும். சந்தன நிறம் சோகையாகிவிடும். அதற்கு நேர்மாறாக, 3,000 கெல்வின் அளவுள்ள மஞ்சள் ஒளியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகியவை செழிப்பாகத் தெரியும். கருநீலமும் கத்தரிப்பூ நிறமும் ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். எம்.எஸ். நீலம் (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் புடவையால் பெயர்பெற்ற நீலம்) போன்ற அழகான நீலங்களை விரும்புகிறவர்கள் மேடையின் மேல் மஞ்சள் ஒளியை மட்டும் அமைக்கக் கூடாது. மாதிரித் துண்டுகளோடு மண்டபத்துக்கு ஒருமுறை முகூர்த்த நேரத்திலும் ஒருமுறை மாலையிலும் சென்று, மேடை விளக்குகளைப் போடச் சொல்லி, துணியைக் கையில் வைத்துப் பார்க்காமல் திரை இருக்கும் இடத்திலேயே செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லிக் கடைசி வரிசையிலிருந்து பாருங்கள். மடித்து மேசை மேல் வைத்த துணியும் தொங்கும் துணியும் ஒரே நிறமாகத் தோன்றுவதில்லை.

திறந்தவெளிப் பந்தலில் பகல் திருமணம் என்றால் விதானத் துணி மிகுந்த கவனத்துக்கு உரியது. வெயில் துணியின் ஊடாக இறங்கும்போது அந்தத் துணியின் நிறத்தையும் கூடவே இறக்குகிறது. சிவப்பு விதானத்தின் கீழே எல்லோருடைய முகமும் சிவந்து தெரியும். நீல விதானத்தின் கீழே நோயாளி முகமாகத் தெரியும். புகைப்படக்காரர் பிறகு எவ்வளவு திருத்தினாலும் புடவையின் உண்மை நிறத்தை மீட்க முடியாது. தலைக்கு மேல் வரும் துணி வெள்ளை, பால் நிறம் அல்லது மிக வெளிர் சந்தனமாக இருக்கட்டும். நிறமும் வேலைப்பாடும் அதன் ஓரத்துத் தொங்கலில் மட்டும் வரட்டும். முகத்துக்கு மிக அருகில் வரும் கிளிப்பச்சைத் துணிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஒளிப்படக் கருவிக்கென்று ஒரு தனிக் கவலையும் உண்டு. வைர ஊசி போன்ற மிக மெல்லிய, நெருக்கமான கோடுகள் காணொளியில் அலையலையாக நெளிந்து கண்ணை உறுத்தும். மண்டபத்தில் பெரிய எல்இடி திரை வைத்து நேரலையாகக் காட்டுவதாக இருந்தால் அந்தத் தொந்தரவு மேலும் கூடும். பின்திரைக்கு மெல்லிய கோடுகளைத் தவிர்த்துவிட்டு, விரல் அகலத்துக்கு மேற்பட்ட கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் சாட்டினும் விளக்கொளியை அப்படியே திருப்பி அனுப்பி வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கும் என்பதால், நேராக விளக்கு விழும் இடத்தில் மங்கிய பரப்புக் கொண்ட துணியே நல்லது.

ஐந்தாம் படி: பார்க்கும் தூரத்துக்கு ஏற்ற வடிவ அளவு

கடையில் கையெட்டும் தூரத்தில் நம்மை மயக்கும் வேலைப்பாடு, எழுபது அடி தள்ளி அமர்ந்திருப்பவருக்கு எதுவாகத் தெரியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரை அங்குலப் பூக்கள் அங்கிருந்து பார்த்தால் தனித்தனியாகத் தெரியாது. பூவின் நிறமும் பின்னணியின் நிறமும் கலந்து மூன்றாவதாக ஒரு நிறம்தான் தெரியும். மஞ்சள் துணியில் நெருக்கமான சிறிய நீலப் புட்டாக்கள் இருந்தால் தூரத்தில் அது மங்கிய சாம்பல் பச்சையாகத் தோன்றும். சிறிய வடிவம் வேண்டவே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அது எந்த நிறமாகக் கலக்கும் என்பதைத் துணியைக் கடையின் மறுமுனைக்குக் கொண்டுபோகச் சொல்லி, கண்ணைச் சற்று இடுக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு வாங்குங்கள்.

நான் பின்பற்றும் அளவு இது: பின்திரையில் முந்தியாக வரும் துணியில் ஒரு வடிவம் குறைந்தது ஒரு சாண் இருக்க வேண்டும், தூணிலும் மேடை விளிம்பிலும் நான்கு விரல் அகலம் போதும், வரவேற்பு மேசை, சந்தனம் குங்குமம் வைக்கும் தட்டு மேசை, சீர்வரிசை அடுக்கும் இடம் ஆகியவற்றுக்கு ஓர் அங்குலமும் அதற்குக் குறைவானதும் பொருந்தும். விருந்தினர் நின்று பேசி, கையால் தொட்டுப் பார்க்கும் இடங்கள் அவைதான். நுணுக்கமான துணிக்கு உரிய மரியாதை அங்கேதான் கிடைக்கும்.

வெவ்வேறு வேலைப்பாடுகளைச் சேர்க்கும்போது அளவு வேறுபட்டிருக்கட்டும், நிறம் ஒன்றுபட்டிருக்கட்டும். பெரிய கொடி வடிவத்தோடு சிறிய கட்டம் சேரும். பெரிய கட்டத்தோடு சிறிய புட்டா சேரும். ஒரே அளவுள்ள இரண்டு பூ வேலைப்பாடுகள் எத்தனை அழகாக இருந்தாலும் ஒன்றையொன்று கெடுக்கும். ஒரு மேடையில் மூன்று வேலைப்பாடுகளுக்கு மேல் வேண்டாம்.

ஆறாம் படி: எந்தத் துணியை எங்கே போடுவது

வாடகை அலங்காரத்தில் பெரும்பாலும் லைக்ரா, சாட்டின், நெட், வெல்வெட் ஆகியவைதான் வரும். லைக்ரா இழுத்துக் கட்டினால் சுருக்கமின்றி நிற்கும், நெட் மலிவாகப் பரப்பை நிறைக்கும். உடல் பகுதிக்கு இவை போதுமானவை. ஆனால் கரைக்கும் முந்திக்கும் நம் ஊர்த் துணிகளைக் கொண்டுவரும்போது மேடைக்கு வரும் கனம் வேறு. அவற்றுள் எளிதில் கிடைப்பவற்றையும் அவற்றைப் பயன்படுத்தும் முறையையும் சொல்கிறேன்.

மதுரைச் சுங்குடி முதலில் நினைவுக்கு வருகிறது. மதுரையில் குடியேறிய சௌராஷ்டிரச் சமூகத்தாரின் கைவண்ணமாகிய இந்தப் பருத்தித் துணி 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பதால், முடிச்சிருந்த இடம் சாயம் ஏறாமல் சிறு வளையமாக நிற்கும். கையால் முடிந்த சுங்குடியைத் தடவிப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் சற்றே மேடிட்டிருப்பது விரலுக்குத் தெரியும், இரண்டு புள்ளிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அச்சிட்ட சுங்குடி தட்டையாகவும் புள்ளிகள் ஒரே வார்ப்பாகவும் இருக்கும். கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அச்சு அல்லது மெழுகு வேலையே. தூணுக்கும் நலங்கு மேடைக்கும் அச்சுச் சுங்குடி தாராளமாகப் போதும். முடிச்சுச் சுங்குடியை வாங்கினால் அதைச் சீர் மேசை போன்ற, நெருங்கிப் பார்க்கும் இடத்தில் விரியுங்கள். தூணில் சுற்றி மறைத்துவிட்டால் அந்தக் கைவேலைக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

காரைக்குடிக் கண்டாங்கி தூரத்துக்கென்றே பிறந்த துணி. அகலக் கரையும் தெளிந்த கட்டமும் கொண்ட இந்தச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் அதன் பழைய நிறங்கள். பித்தளை விளக்கு, செண்டுமல்லி, செட்டிநாட்டு மரத் தூண் ஆகிய எதனோடும் அவை பொருந்தும். பழைய கண்டாங்கியில் கறுப்பும் கலந்து வரும். மங்கல நிகழ்ச்சியில் கறுப்பு கூடாது என்று கருதும் பெரியவர்கள் இருந்தால், அவர்களிடம் துணியைக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகு வாங்குவதே முறை. கட்டம் போட்ட பட்டுக்கும் பருத்திக்கும் பெயர்பெற்ற மயிலாடுதுறைப் பகுதியின் கூறைநாட்டுச் சேலையை முகூர்த்தத்துக்கு உடுத்தும் குடும்பங்கள், மேடையில் கட்டத்தைத் தவிர்த்து வெற்றுத் துணியும் கோபுரக் கரையும் போடலாம்.

விதானத்துக்கும் தொங்கல்களுக்கும் தஞ்சைப் பகுதியின் கோயில் துணி மரபைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. தேரில் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகள், சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துணித் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்த ஒட்டுவேலையால் ஆனவை. தெருவின் மறுகோடியிலிருந்தும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவற்றின் வடிவங்கள் பெரியவையாகவும் நிறங்கள் நேரடியானவையாகவும் அமைந்தன. மணமேடையின் நான்கு மூலைகளிலும் நான்கு தொம்பைகளைக் கட்டினாலே வேறு அலங்காரம் அதிகம் தேவைப்படாது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர்க் கலம்காரி, துணியின் மேல் இயற்கைச் சாயத்தால் கையால் தீட்டப்படுவது. கோயில் விதானங்களுக்கும் தொம்பைகளுக்கும் உரிய கலை அது. கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் இதைத் தீட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. அத்தகைய ஓவியத் துணி ஒன்றைப் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவைத்து வாங்க முடிந்தால், முந்தியின் இடத்தில் அதுவே நிற்கட்டும். திருமணத்துக்குப் பிறகு பூஜை அறையிலோ கூடத்திலோ காலத்துக்கும் இருக்கும். கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் கலம்காரி பெரும்பாலும் ஆந்திரத்தின் மசூலிப்பட்டினம் பாணியில் அச்சுக் கட்டையாலோ திரை அச்சாலோ இடப்பட்டது. வடிவம் சிறியதாக இருப்பதால் மேசைக்கும் நுழைவாயிலுக்கும் அது பொருத்தம்.

தரைக்கு பவானி ஜமக்காளம். அதன் அகலமான பட்டைக் கோடுகள் எவ்வளவு தூரத்திலும் கலங்காது. நாகஸ்வரக் கலைஞர்கள் அமரும் இடத்துக்கும் பெரியவர்கள் தரையில் அமரும் இடத்துக்கும் அதை விரித்தால், வாடகைக் கம்பளம் தராத ஓர் அழகு வந்துவிடும். மணமக்களின் பெயரை நெய்து தரும் பத்தமடைப் பாயை மனைக்கு முன்னால் விரிப்பவர்களும் உண்டு.

வீட்டிலிருக்கும் பழைய பட்டுப் புடவைகளைத் திரையாகத் தொங்கவிட நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். ஐந்தரை மீட்டர் புடவை பதினெட்டு அடி நீளம். மேடையின் உயரமோ பத்து, பன்னிரண்டு அடிதான். முந்தியைக் கீழே விட்டுத் தொங்கவிட்டால் அது தரையில் போய் மறைந்துவிடும். புடவையைக் கழியின் மேல் போட்டு, முந்தியின் அடி விளிம்பு தரையிலிருந்து இரண்டடியில் நிற்குமாறு விட்டு, மீதியைப் பின்புறம் இறக்குங்கள். குண்டூசியும் ஆணியும் ஜரிகையைக் கிழித்துவிடும் என்பதால், துணி சுற்றிய மரக்கழியில் போட்டு அகலமான கிளிப்புகளால் மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். ஹோமப் புகையும் விளக்கின் எண்ணெயும் படும் தூரத்தில் பாட்டியின் புடவையை வைக்காதீர்கள்.

ஏழாம் படி: மீட்டர் கணக்கு

துணி வாங்கும்போது குறைவாக வாங்கினால் அதே சாயத் தொகுதியில் மறுபடியும் கிடைக்காது. ஒரே எண்ணுள்ள நிறமும் அடுத்த தொகுதியில் சற்று மாறும். ஆகவே கணக்கை முதலிலேயே சரியாகப் போட வேண்டும். 24 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஒரு பின்திரையை எடுத்துக்கொள்வோம். மேலும் கீழும் மடித்துத் தைக்க ஓரடி சேர்த்தால் ஒரு துண்டின் நீளம் 11 அடி, அதாவது சுமார் 3.35 மீட்டர். துணியின் அகலம் 44 அங்குலம் என்றால், சுருக்கமின்றித் தட்டையாக விரிக்க ஏழு துண்டுகள், ஏறத்தாழ 23.5 மீட்டர் தேவை. கொசுவம் வைத்துத் தொங்கவிட இரண்டு மடங்கு அகலம் வேண்டும் என்பதால் பதினான்கு துண்டுகள், 47 மீட்டர் ஆகும். அதே திரைக்கு 58 அங்குல அகலத் துணி கிடைத்தால் கொசுவத்தோடு பத்துத் துண்டுகள், 33.5 மீட்டர் போதும். விலையை மீட்டருக்கு மட்டும் ஒப்பிடுவது எவ்வளவு தவறு என்பதை இந்தக் கணக்கே காட்டும்.

வேலைப்பாட்டுத் துணியில் வடிவம் திரும்ப வரும் இடைவெளியையும் பார்க்க வேண்டும். ஒரு பெரிய மயில் 24 அங்குலத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால், பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் மயில்கள் ஒரே மட்டத்தில் நிற்க ஒவ்வொரு துண்டையும் 132 அங்குலத்துக்குப் பதிலாக 144 அங்குலம் வெட்ட வேண்டிவரும். ஏழு துண்டுகளுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் கூடுதலாகும். பெரிய வடிவத் துணியைக் கொசுவம் வைத்துத் தொங்கவிடவே கூடாது. மயிலின் கழுத்து ஒரு மடிப்பிலும் தோகை இன்னொரு மடிப்பிலும் போய் ஒளிந்துகொள்ளும். தட்டையாக இழுத்துக் கட்ட வேண்டிய துணியையும் கொசுவம் வைக்க வேண்டிய துணியையும் இப்போதே பிரித்துவிடுங்கள்: வெற்றுத் துணியும் சிறு புட்டாவும் கொசுவத்துக்கு, பெரிய வடிவமும் கட்டமும் தட்டைக்கு.

புதிய பருத்தித் துணியை வெட்டித் தைக்கும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள், சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். சாயம் போகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கித் துணியின் மேல் அழுத்தித் தேய்த்தால், அதில் நிறம் ஏறுகிறதா என்பது உடனே தெரியும். ஏறினால் அந்தத் துணியைப் பூச்சரத்துக்கு அருகில் வைக்காதீர்கள். வாடாமல் இருக்கத் தெளிக்கும் தண்ணீர் துணியில் வழிந்து, அங்கிருந்து கீழே அமர்ந்திருப்பவரின் பட்டு வேட்டியில் சொட்டும்.

எட்டாம் படி: வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் இடையில்

முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம் என்ற வழக்கத்தில், அலங்காரக்காரருக்கு இடையில் கிடைப்பது சில மணி நேரம் மட்டுமே. இரண்டுக்கும் முற்றிலும் வேறான மேடை கேட்டால், இரண்டாவது மேடை தூக்கக் கலக்கத்தில் கட்டப்பட்டதாகத்தான் இருக்கும். திரையின் உடல் நிறத்தை இரண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, கரையையும் முந்தியையும் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மயில் கழுத்து நிறத் திரை வரவேற்பில் வெள்ளி நிற நெட்டோடும் வெளிர் இளஞ்சிவப்புப் பூக்களோடும் ஒரு தோற்றம் தரும். விடியற்காலையில் நெட்டை அகற்றிவிட்டு, கண்டாங்கிக் கரையும் தொம்பையும் செண்டுமல்லியும் ஏறினால் அதே திரை முகூர்த்த மேடையாகிவிடும். மாற்றுத் துணிகளை முன்னதாகவே இஸ்திரி செய்து, சட்டத்தில் பொருத்தி, மேடைக்குப் பின்னால் தயாராக வைத்திருக்கும்படி எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: தீயும் பாதுகாப்பும்

ஹோமகுண்டமும் குத்துவிளக்கும் இருக்கும் மேடையில் துணியைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. பருத்தி சட்டென்று தீப்பற்றும், பாலியஸ்டர் உருகிச் சூடாகச் சொட்டும், இரண்டும் ஆபத்தே. தொங்கும் துணி எதுவும் ஹோமகுண்டத்திலிருந்து ஆறடிக்குள் வரக் கூடாது, அதற்கு நேர் மேலே விதானத்தைத் தாழ்த்தித் தொங்கவிடவும் கூடாது. மின்விசிறிக் காற்றில் பறந்து விளக்கை எட்டும் நெட் துணியின் கீழ் விளிம்பைக் கட்டி நிறுத்துங்கள். சூடேறும் ஹாலஜன் விளக்குகள் துணியைத் தொடாமல் இருக்க வேண்டும். மேடையின் பின்னால் ஒரு வாளி மணலும் தீயணைப்பானும் எங்கே இருக்கின்றன என்பது குடும்பத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

பத்தாம் படி: சொல்லிவைப்பதும் சேமிப்பதும்

அலங்காரக்காரரிடம் படத்தைக் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு துணியின் மாதிரித் துண்டையும் ஒரு தாளில் ஒட்டி, அது எந்த இடத்துக்கு, எத்தனை மீட்டர், கொசுவமா தட்டையா, புதியதா வாடகையா என்று பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். ‘மெரூன்’, ‘கோல்டு’ என்று வாயால் சொல்லும் நிறம் ஒவ்வொருவர் மனத்திலும் வேறு வேறாக இருக்கும். துண்டைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வாடகைத் துணியாக இருந்தால் குறிப்பிட்ட அந்தத் துணியையே விரித்துக் காட்டச் சொல்லிக் கறையும் கிழிசலும் பாருங்கள்.

சொந்தமாக வாங்கிய துணியில் வெட்டியது போக மிஞ்சுவதைத் திருமணத்துக்கு முன்பே தையற்காரரிடம் கொடுத்தால் தாம்பூலப் பைகளாகிவிடும். மேடையின் கரையும் விருந்தினர் கையில் போகும் பையும் ஒரே துணியாக இருப்பதை வருகிறவர்கள் கவனிக்கிறார்கள். மேடையிலிருந்து இறக்கிய துணிகளை அன்றே மூட்டையாகக் கட்டிப் போடாதீர்கள். பூவின் ஈரமும் புகையும் கலந்து ஓரிரு நாட்களில் கறை நிலைத்துவிடும். பருத்தியைத் தனித்தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பட்டை நனைக்காமல் காற்றில் ஆறவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள்.